கோ அரவுண்ட், பிறகு இடப்பக்கம்: சவுத்எண்ட் விபத்து, 2006

பிரிட்டனில் 2006 ஜூலை 19 கொளுத்தும் நாள். சர்ரே மாவட்டத்து விஸ்லியில் அன்று 36.5 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த நாட்டு ஜூலை மாதங்களில் அதுவரை காணாத வெப்பம் அது. அன்று பிற்பகல், லண்டனுக்குக் கிழக்கே எஸ்ஸெக்ஸில் இருக்கும் சவுத்எண்ட் விமான நிலையத்திலிருந்து பதினாறு வயது மாணவர் ஒருவர் செஸ்னா 150 விமானத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு மேலே போனார். அவர் தனியாகப் பறப்பது அது இரண்டாவது முறை. அதுவரை சேர்ந்திருந்த மொத்தப் பறப்பு சுமார் 15 மணி நேரம். தரையிறங்க ஓடுபாதையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு உத்தரவுகள் வந்தன. இரண்டாவது உத்தரவு முதலாவதை ரத்து செய்தது. சற்று நேரத்தில் விமானம் கட்டுப்பாட்டை இழந்து, நிலையத்துக்கு மேற்கே ஈஸ்ட்வுட் பூங்காவில் விழுந்தது. மாணவர் உயிர் பிழைக்கவில்லை.

எஞ்சின் நின்றுபோன கதையல்ல இது. புயலோ மூடுபனியோ கிடையாது. சாகசம் காட்டப் போய் விழுந்த கதையும் அல்ல. சொன்னதைச் செய்ய முயன்ற ஒரு பிள்ளையின் கதை. விபத்து அறிக்கைகளை வாசிக்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. பெரிய ஜெட் விமானங்களின் நூற்றுக்கணக்கான பக்க அறிக்கைகளை விட, பிரிட்டனின் விமான விபத்து ஆய்வுக் கிளை 2007இல் வெளியிட்ட இந்தச் சிறிய அறிக்கைதான் என்னை அதிக நாள் விடாமல் பிடித்துவைத்திருந்தது. ஓட்டியது யார், அவர் எப்படி ஓட்டினார் என்பதைக் காட்டிலும், அந்த நிமிடத்தில் சிக்கலைத் தீர்க்கும் வேலை யார் தலையில் வைக்கப்பட்டது என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது.

இரண்டு இருக்கை, நூறு குதிரை

செஸ்னா 150 அமெரிக்க வடிவமைப்பு. எண்ணுக்கு முன்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் பிரான்சின் ரைம்ஸ் நகரில் உரிமம் பெற்றுச் செய்தது என்று பொருள். இந்த விமானம் எஃப்150எல். பக்கத்தில் பக்கத்தில் இரண்டே இருக்கைகள்; பெரியவர்கள் இருவர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். முன்னால் 100 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்த்து மேலே எழும்ப அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 1,600 பவுண்டு, அதாவது 726 கிலோ. உலகம் முழுக்க ஒரு தலைமுறை விமானிகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது போல இதுதான் பறக்கக் கற்றுக்கொடுத்தது.

726 கிலோவில் பயிற்சியாளர் ஒருவரின் எடை பத்தில் ஒரு பங்கு. அவர் இறங்கிப் போனதும் விமானத்தின் குணமே மாறுகிறது. சீக்கிரம் தரையை விட்டு எழும்புகிறது, வேகமாக ஏறுகிறது, இறங்கும்போது மிதந்துகொண்டே போகிறது. முதல் முறை தனியாகப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வலப்பக்க இருக்கை காலியாக இருந்ததைச் சொல்லிவிட்டு அடுத்து இதைத்தான் சொல்வார்கள்.

இந்த விமானத்தின் இடது இறக்கை முன்விளிம்பில் சிறிய துளை ஒன்று இருக்கிறது. உள்ளே நாதசுரச் சீவாளி போல ஒரு நாக்கு. இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப்போகும் கட்டத்தில் அந்தத் துளை காற்றை உறிஞ்ச, காக்பிட்டில் ஈனக்குரலில் ஓர் ஊதல் கேட்கும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். அந்த ஊதல் மணிக்கு ஐந்து முதல் பத்து மைல் வரை முன்கூட்டி எச்சரிக்கும். அதற்குப் பிறகும் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் இறக்கை ஸ்டால் ஆகும். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், தாங்கல் போய்விடும். ஒரு பக்கம் முதலில் போனால் விமானம் அந்தப் பக்கம் சரிந்து சுழலத் தொடங்கும். அதுவே ஸ்பின். செஸ்னா 150 ஸ்பினிலிருந்து மீள்வதில் நல்ல பிள்ளை. ஆனால் மீள்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் அடி உயரம் வேண்டும்.

ஆயிரம் அடி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் ஓடுபாதையைச் சுற்றிவரும் பாதையான சர்க்யூட்டின் உச்ச உயரமே ஆயிரம் அடிதான்.

சர்க்யூட் என்னும் பாதுகாப்பு வேலி

தனிப் பறப்பு என்றதும் வானத்தில் விருப்பம் போல் திரிவது என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் சில தனிப் பறப்புகள் அப்படி இருக்காது. ஓடுபாதையை ஒரு பக்கமாகக் கொண்ட செவ்வகத்தை வானத்தில் வரைவதுதான் வேலை. எழும்பு, ஏறு, திரும்பு, மறுபடி திரும்பி ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போ, சரிபார்ப்புப் பட்டியலைச் சொல், கோபுரத்துக்குத் தகவல் கொடு, சக்தியைக் குறை, ஃபிளாப் என்னும் இறக்கையின் பின்விளிம்புப் பலகையை இறக்கு, திரும்பு, மறுபடி திரும்பு, இதோ ஓடுபாதை நேர் எதிரே. முழுச் சுற்றும் ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும். பயிற்சியாளர் கீழே புல்வெளியில் நின்று கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தச் செவ்வகத்தை மாணவர் பயிற்சியாளரோடு சேர்ந்து ஐம்பது, அறுபது முறை, சிலர் நூறு முறை கூடச் சுற்றியிருப்பார்கள். அதன் ஒவ்வொரு மூலையும் தசைக்குள் இறங்கியிருக்கும். அந்த நிலைக்கு வந்த பிறகே தனியாக அனுப்புகிறார்கள். பிரிட்டனில் தனியாகப் பறக்கக் குறைந்தபட்ச வயது 16. உரிமம் கையில் கிடைக்க 17 ஆக வேண்டும்.

சர்க்யூட்டின் கடைசிக் கட்டத்தில், ஓடுபாதையை நேராகப் பார்த்து இறங்கி வரும்போது, மாணவரிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, தரையிறங்குவது. மற்றொன்று, கோ அரவுண்ட். இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மறுபடி ஏறிப் போவது அது. இரண்டும் பழகியவை. மூன்றாவதாக ஒன்று அவரிடம் இல்லை. 15 மணி நேரப் பாடத்தில் அதற்கு இடமும் இல்லை.

அந்த இரண்டு உத்தரவுகள்

அன்று சவுத்எண்டில் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தது 06 என்ற ஓடுபாதையில். மேற்கிலிருந்து வந்து கிழக்கு, வடகிழக்கு நோக்கி இறங்க வேண்டும். ஒலிபரப்பில் கால்ஃப் பிராவோ பிராவோ (ஜி, பி, பி என்ற எழுத்துகள்) என்று சுருக்கிக் கூப்பிடப்பட்ட இந்தச் செஸ்னா இறுதி அணுகலில் இருந்தது. பின்னால் அதைவிட வேகமான இன்னொரு விமானம் அதே ஓடுபாதைக்கு வந்துகொண்டிருந்தது. இடைவெளி சுருங்கியது.

சிறிய விமான நிலையங்களில் தினமும் நடப்பதுதான் இது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முன்னால் போவது 70 நாட் (மணிக்கு 70 கடல்மைல்) வேகம், பின்னால் வருவது 110 நாட் என்று வைத்துக்கொண்டால், இடையில் இரண்டு கடல்மைல் இருந்தாலும் மூன்றே நிமிடத்தில் முதுகில் ஏறிவிடும். யாராவது ஒருவரை நகர்த்தியாக வேண்டும்.

கட்டுப்பாட்டாளர் செஸ்னாவை நகர்த்தினார். முதலில் கோ அரவுண்ட் செய்யச் சொன்னார். பின்னால் வேகமான விமானம் இறங்க வருவதையும் சொன்னார். மாணவர் ஏற்றுக்கொண்டார். அதன் பின் அந்த உத்தரவை விட்டுவிடும்படி சொல்லி, இடப்பக்கம் திரும்பி வடக்கே போகும்படி மாற்றினார். மாணவர் அதையும் ஏற்றுக்கொண்டார். குரலில் தகராறு இல்லை, மறுப்பு இல்லை. தாழ்ந்த உயரத்தில், குறைந்த வேகத்தில், பழகாத ஒரு திருப்பத்தை அவர் தொடங்கினார். விமானம் ஸ்டால் ஆகி விழுந்தது.

செஸ்னா 150 போன்ற விமானத்தில் கறுப்புப் பெட்டி வைப்பதில்லை. ரேடார் பதிவும், ஒலிபரப்புப் பதிவும், கீழே நின்று பார்த்தவர்கள் சொன்னதும்தான் ஆய்வாளர்கள் கையில் இருந்தவை. அவற்றை வைத்தே இந்த வரிசையைக் கட்டினார்கள்.

இனி நான் சொல்வது என் வாசிப்பு. கோ அரவுண்ட் என்ற சொல்லைப் பாருங்கள். அது ஒரு திசையைச் சொல்லும் சொல் அல்ல. ஒரு மூட்டை. அதை அவிழ்த்தால் உள்ளே இவை இருக்கும்: எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாக உள்ளே தள்ளு. எஞ்சினுக்குச் சூடான காற்றைத் தரும் கார்பரேட்டர் ஹீட்டை மூடு. முழுச் சக்தியில் விமானம் மூக்கைத் தூக்கப் பார்க்கும். இறங்குவதற்காக ட்ரிம் (கைப்பிடியின் அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) வைத்திருப்பதால் இன்னும் அழுத்தமாகத் தூக்கும். கையால் அழுத்திப் பிடி. எஞ்சின் இடப்பக்கம் இழுக்கும். வாலைத் திருப்பும் ரட்டரின் வலது மிதியை மிதி. ஃபிளாப் முழுக்க இறங்கியிருந்தால் உடனே 20 டிகிரிக்குக் கொண்டு வா. வேகம் சேரட்டும். ஏறத் தொடங்கியதும் மீதி ஃபிளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கு. நேராகப் போ. பயிற்சியாளர் எத்தனையோ முறை திடீரென்று சொல்லிச் செய்யவைத்த வரிசை இது. சொல் காதில் விழுந்ததும் கை த்ராட்டிலுக்குப் போகும்.

அந்த உத்தரவை விட்டுவிடு, இடப்பக்கம் திரும்பு என்று வந்ததும் என்ன ஆகிறது? விடு என்றதில் திசை மட்டும் போகவில்லை. மூட்டையே போய்விட்டது. திரும்பு என்ற புதிய உத்தரவுக்குள் த்ராட்டில் இல்லை, ஃபிளாப் இல்லை, மூக்கை அழுத்து என்பது இல்லை. அனுபவம் உள்ளவர் யாரும் சொல்லாமலே இவற்றைச் செய்துவிடுவார். இறங்கும் நிலையில் இருக்கும் விமானத்தைத் திருப்பி வேறெங்கோ ஓட்டிப் போக வேண்டுமென்றால் முதலில் அதை ஏறும் நிலைக்கு மாற்ற வேண்டும் என்பது அவருக்கு மூச்சு விடுவது போல. பதினைந்து மணி நேரக்காரர் காதில் அது வெறும் திருப்பம். கோபுரத்தில் இருந்தவர், கோ அரவுண்டை விட எளிய ஒன்றைச் சொல்வதாகவே நினைத்திருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

சாய்ந்தால் என்ன ஆகிறது

திருப்பம் ஏன் ஆபத்து என்பதை எண்களில் பார்த்துவிடலாம். முழு எடையில், ஃபிளாப் மடக்கி, இறக்கை மட்டமாக இருக்கும்போது இந்த விமானம் மணிக்கு 55 மைல் வேகத்தில், அதாவது 88 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும். 40 டிகிரி சாய்த்தால் அந்த எல்லை 63 மைலுக்கு ஏறிவிடும். 60 டிகிரி சாய்த்தால் 78 மைல். தரையிறங்க வரும் வேகமோ ஃபிளாப் இறக்கிய நிலையில் 60 முதல் 70 மைல்தான். ஃபிளாப் இறக்கியிருந்தால் ஸ்டால் எல்லையும் குறையும், உண்மை. முழு ஃபிளாப்பில் 48 மைல். ஆனால் முழு ஃபிளாப் என்பது காற்றில் கதவைத் திறந்து வைத்தது போல. அதை இழுத்துக்கொண்டு மட்டமாகப் பறக்கவே எஞ்சின் நிறையச் சக்தி கொடுக்க வேண்டும். இறங்கும்போது வைத்திருந்த குறைந்த சக்தியோடு உயரத்தைக் காப்பாற்ற மூக்கைத் தூக்கினால் வேகம் கரையும். எல்லை மேலே வர, வேகம் கீழே போக, இரண்டும் நடுவழியில் சந்திக்கும்.

அன்றைய வெயிலையும் இங்கே சொல்ல வேண்டும். காற்று சூடானால் அடர்த்தி குறையும். 32 டிகிரி வெப்பத்தில், கடல் மட்டத்தில் இருக்கும் விமானம் இரண்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். நூறு குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது சாதாரண இழப்பல்ல. வெயில்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தவறு செய்தால் திருத்திக்கொள்ள இருக்கும் இடம் அன்று கொஞ்சம் குறுகியிருந்தது, அவ்வளவுதான்.

கூடவே ஒன்று. இறங்கி வரும் விமானி கண்ணை வைத்திருப்பது ஓடுபாதையின் தொடக்கத்தில். அதன் வடிவம் மாறுகிறதா, மேலே ஏறுகிறதா, கீழே நழுவுகிறதா என்று பார்த்தே வேகத்தையும் சரிவையும் கணிக்கிறார். கற்றுக்கொண்டிருப்பவருக்கு அதுவே ஊன்றுகோல். வடக்கே திரும்பியதும் அது கண்ணாடியிலிருந்து விலகிப் பக்கவாட்டில் போய்விடும். எதிரே வீடுகளும் மரங்களும். இந்த உயரத்தில், இந்தக் கோணத்தில் அவர் அதுவரை பார்க்காத காட்சி.

"முதலில் ஓட்டு" என்று சொல்பவர்களுக்கு

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது உரிமம் பெற்ற விமானிகள் சிலர் உடனே ஒரு விதியை எடுத்து வைப்பார்கள். முதலில் ஓட்டு, பிறகு வழி பார், கடைசியில் பேசு. கோபுரம் எதைச் சொன்னாலும் விமானத்தை ஓட்டுவது விமானியின் முதல் கடமை. செய்ய முடியாததைச் சொன்னால் முடியாது என்று மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அனேபிள் (முடியாது) என்ற ஒரே சொல் போதும்.

விதி சரி. அதை இந்த மாணவர் மேல் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. புதிதாகக் கார் ஓட்டக் கற்றவர் நெரிசலில் கியர் மாற்றும்போது பக்கத்தில் இருப்பவர் பேசினால் காதில் வாங்க மாட்டார்; பாட்டு ஓடினால் அணைத்துவிடுவார். கை வேலைக்கே மனம் முழுவதும் செலவாகிறது. பதினைந்து மணி நேரத்தில் விமானம் ஓட்டுபவர் நிலை அதுவே. அதிலும் கோபுரத்தின் குரலைக் கேட்காமல் விட முடியாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். இரண்டு உத்தரவுகளையும் அவர் ஒழுங்காக ஏற்றுக்கொண்டார். பேச்சில் பிசகவில்லை. அந்த ஒழுங்கே, மேலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கீழே இருப்பவரை நினைக்கவைத்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பதினாறு வயது. அதிகாரமுள்ள ஒரு பெரியவர் நிதானமான குரலில் ஒன்றைச் செய்யச் சொல்கிறார். முடியாது என்று சொல்லும் பதினாறு வயதுப் பிள்ளையை எந்த ஊரில் வளர்த்திருக்கிறோம்? வீட்டிலும் பள்ளியிலும் நாம் பழக்குவது சரி ஐயா என்பதைத்தான். மறுப்பதையும் ஒரு பாடமாக நடத்தி, பயிற்சியாளரே பொருந்தாத உத்தரவுகளைக் கொடுத்துப் பார்த்து, மாணவர் வாயிலிருந்து முடியாது என்று வந்த பிறகே தனியாக அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி.

யாரை நகர்த்துவது?

ஒரே ஓடுபாதைக்கு இரண்டு விமானங்கள் இறங்க வந்தால் தாழ்வாக இருப்பதற்கு முன்னுரிமை என்பது வான்வழி விதிகளின் பழைய அரிச்சுவடி. முந்துபவர்தான் விலகிப் போக வேண்டும். கட்டுப்பாட்டாளருக்கு இந்த வரிசையை மாற்றும் அதிகாரம் உண்டு. பல நேரங்களில் மாற்றுவதே நல்லது. வேகமான விமானத்தை வானத்தில் ஒரு வட்டம் போடவைப்பதற்கும் செலவு இருக்கிறது. சின்னதை ஓரங்கட்டிவிட்டுப் பெரியதை இறக்கிவிடுவது சாலையில் சைக்கிளை ஒதுங்கச் சொல்வது போல இயல்பாக வரும் யோசனை.

வேகமான விமானம் ஒரு வட்டம் அடித்து வந்தால் இரண்டு மூன்று நிமிடம் போகும். அப்படி ஒரு விமானத்தை ஓட்டுபவர் அதைச் சலிப்போடு செய்துவிட்டு மறந்தே போவார். பதினைந்து மணி நேர மாணவருக்கோ அதே உத்தரவு வாழ்நாளின் கடினமான பறப்பாகிவிடும். கை ஓய்வாக இருப்பவரிடம் அல்லவா வேலையைக் கொடுக்க வேண்டும்.

இது ஒரு கட்டுப்பாட்டாளரின் குணக்கேடு என்று எழுதிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அப்படி எழுத எனக்கு மனமில்லை. ஆய்வுக் கிளையின் வேலையும் பழி சுமத்துவதல்ல. அடுத்த விபத்தைத் தடுப்பது ஒன்றே அதன் நோக்கம் என்று அதன் அறிக்கைகளிலேயே அச்சடித்திருக்கும். கோபுரத்தில் நின்று பார்த்தால் ஒலிபரப்பில் எல்லா விமானமும் சில எழுத்துகள்தான். முப்பது ஆண்டு ஓட்டியவரும் கால்ஃப் பிராவோ பிராவோ, நேற்று முதன்முதலாகத் தனியாகப் போனவரும் கால்ஃப் பிராவோ பிராவோ. நம் ஊர்ப் பயிற்சிக் கார்களில் சிவப்பு எல் ஒட்டுகிறோம். லாரி ஓட்டுநர் கூட அதைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளிப் போவார். அன்று பிரிட்டனின் சிவில் ஒலிபரப்பில் அப்படி ஒரு எல் கிடையாது.

ராணுவத்தில் இருந்தது. அங்கே பயிற்சி விமானி தன் அனுபவக் குறைவைத் தெரிவிக்க டைரோ என்று ஒரு சொல் சொல்வார். கற்றுக்குட்டி என்று பொருள். அமெரிக்காவிலும் முதல் அழைப்பிலேயே மாணவ விமானி என்று சொல்லிக்கொள்ளும்படி பயிற்சி மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். சவுத்எண்டின் ஒலிபரப்பில் மட்டும் ஓர் உரிமக்காரரையும் மாணவரையும் பிரித்துக் காட்ட ஒரு சொல் இல்லை.

ஒரு சொல் சேர்ந்தது

தனியாகப் பறக்கும் மாணவரை அடையாளம் காட்டும் ஒரு முன்னொட்டை ஒலிபரப்பில் கொண்டுவர வேண்டும் என்று ஆய்வுக் கிளை பரிந்துரைத்தது. பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஏற்றுக்கொண்டது. கேப் 413 என்று அழைக்கப்படும் ஒலிபரப்புக் கையேட்டில் அது ஏறியது. இப்போது அங்கே தனியாகப் பறக்கும் மாணவர் முதல் அழைப்பில் தன் விமானத்தின் எழுத்துகளுக்கு முன்னால் ஸ்டூடன்ட் என்று சேர்த்துச் சொல்கிறார். கட்டுப்பாட்டாளரும் அதே சொல்லோடு பதில் சொல்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டவர், மாணவரின் குறைந்த அனுபவத்துக்கு ஏற்ப உத்தரவின் வேகத்தையும் சிக்கலையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் கையேடு எதிர்பார்க்கிறது.

என் கண்ணில் முக்கியமானது இந்தப் பிற்பகுதி. எல் ஒட்டிய காரின் பின்னால் நின்று ஹாரன் அடிப்பவர்களும் உண்டு. சொல்லைக் கேட்டவர் பேச்சை மாற்றிக்கொண்டால்தான் அது பயன்படும். எப்படி மாற்றுவது? மாணவரிடம் ஒரு நேரத்தில் ஒன்றே சொல்வது. கொடுத்த உத்தரவை, அது முடியும் முன் மாற்றாமல் இருப்பது. இறுதி அணுகலில் அவரை நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் அவர் பழகிய கோ அரவுண்டை மட்டும் கொடுத்து, அது முடிந்து விமானம் மேலே ஏறிய பிறகே அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவது. இதற்கெல்லாம் புதிய கருவி வேண்டாம்.

எதிர்த்திசையில் ஒரு நிகழ்வையும் வைத்துப் பார்க்கலாம். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து பெவர்லி விமான நிலையத்தில் பதினேழு வயது மாணவி ஒருவர் தனியாக ஒரு பைப்பர் விமானத்தில் கிளம்பினார். ஓடுபாதையை விட்டு எழும்பியபோது பிரதானச் சக்கரங்களில் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. அவருக்குத் தெரியாது; பார்த்தவர்கள்தான் சொன்னார்கள். இயந்திர வகையில் பார்த்தால் சவுத்எண்டை விடப் பல மடங்கு மோசமான நிலை. விமானம் எப்படியும் உடைந்துதான் நிற்கும்.

ஆனால் அங்கே தான் மாணவ விமானி என்று அவர் ஒலிபரப்பில் சொல்லிவிட்டார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. அதே அலைவரிசையில் இருந்த ஒரு பயிற்சியாளர் அவரோடு பேச்சுக் கொடுத்தார். தன் மகளுக்கும் அதே பெயர்தான் என்று சொல்லித் தொடங்கினார். பயப்பட ஒன்றுமில்லை, வட்டமடித்துக்கொண்டிரு என்ற தொனியில், ஒவ்வொரு அடியாக எடுத்துச் சொன்னார்கள். எரிபொருளும் உயரமும் இருந்தன, நேரமும் இருந்தது. அந்த நேரத்தை அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். இறங்கியபோது விமானம் தரையில் தேய்ந்து ஓடுபாதையை விட்டு விலகி நின்றது. மாணவி காயமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

சவுத்எண்டில் நேரம் இல்லை என்று சொல்லலாம். இல்லைதான். இறுதி அணுகலில் ஒரு செஸ்னாவுக்கு மிச்சமிருப்பது ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பின்னால் வந்த விமானத்துக்கு எரிபொருளும் உயரமும் அனுபவமும் இருந்தன. நேரம் அங்கே இருந்தது.

பிரிட்டனில் ஸ்டூடன்ட் என்ற முன்னொட்டு தனியாகப் பறக்கும்போது மட்டும்தான். பயிற்சியாளர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் வரை விமானம் வெறும் எழுத்துகளால் அழைக்கப்படும். அவர் பெல்ட்டைக் கழற்றி, காலி இருக்கையில் அது ஆடாதபடி மறுபடி பூட்டிவிட்டு, எஞ்சின் காற்றில் சட்டை படபடக்க இறங்கி, கதவைச் சாத்தி நடந்துபோன பிறகு, மாணவர் ஒலிபரப்புப் பொத்தானை அழுத்தி, தன் விமானத்தின் எழுத்துகளுக்கு முன்னால் சொல்லும் வார்த்தை அதுதான்.